வீட்டு மின்னிசை அறைக்கு மிக்சர் தேர்ந்தெடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கங்களில் கீபோர்டும் ஆக்டோபேடும் (குச்சியால் தட்டி வாசிக்கும் மின் தாளக் கருவி) இருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆலயப் பாடகர் குழுவிலும் திருவிழா மேடைகளிலும் வாசித்துப் பழகியவர்கள், அடுத்த கட்டமாக ஒரு ரிதம் மெஷினும் (தாளம் வாசிக்கும் கருவி) ஒரு சிந்தசைசரும் (மின்சுற்றுகளால் ஒலி உருவாக்கும் கருவி) வாங்கி, வீட்டின் ஓர் அறையிலேயே மின்னிசை உருவாக்கத் தொடங்குகிறார்கள். கருவிகள் மூன்றைத் தாண்டியதும், எல்லாவற்றின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் மிக்சர் தேவைப்படுகிறது. நாகர்கோவிலானாலும் திருவனந்தபுரமானாலும், கடையில் எழும் முதல் கேள்வி எத்தனை சேனல், அதாவது ஒலி உள்ளே வரும் தனி வழிகள், வேண்டும் என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் அறையில் எந்த ஒலி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எந்த மிக்சர் வாங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தப் படம்தான். விலையும் பிராண்டும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

ஒரு நடுத்தர அமைப்பை எண்ணிப் பார்ப்போம். ரோலண்ட் டி.ஆர்-8எஸ் ரிதம் மெஷினில் ஸ்டீரியோ வெளியீட்டைத் தவிர ஆறு தனி வெளியீடுகள் உண்டு; அவற்றில் கிக் (அடிநாதப் பெருந்தாளம்), கிளாப் (கைதட்டல்) இரண்டையும் தனியே எடுத்தால் இரண்டு மோனோவும் (ஒற்றை ஒலி) ஒரு ஸ்டீரியோவும் (இட, வல இணை) ஆகும். ஆக்டோபேடுக்கு ஒரு ஸ்டீரியோ, எக்ஸ்.பி.எஸ்-10 போன்ற கீபோர்டுக்கு ஒரு ஸ்டீரியோ, பேஸ் சிந்தசைசருக்கு ஒரு மோனோ, மைக்குக்கு ஒரு மோனோ. எதிரொலி உண்டாக்கும் டிலே பெட்டியிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கு ஒரு ஸ்டீரியோவும், கணினியிலிருந்து வருவதற்கு இன்னொரு ஸ்டீரியோவும் தேவை. ஆக நான்கு மோனோ, ஐந்து ஸ்டீரியோ. மொத்தம் பதினான்கு உள்ளீடுகள். யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ மிக்சரின் பெயரில் உள்ள பத்து என்பது நான்கு மோனோவையும் மூன்று ஸ்டீரியோ இணைகளையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன அமைப்பை அதில் இணைத்தால் இரண்டு ஸ்டீரியோ இணைகளுக்கு இடமிருக்காது. மேலும் அந்த மிக்சரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கக் குமிழ்கள்தான் உண்டு, மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர் கிடையாது. இரண்டு மூன்று கருவிகளை ஒரே நேரத்தில் விரல்களால் ஏற்றி இறக்கி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய குறை. எண்ணி வந்த தொகைக்கு மேல் இரண்டு உள்ளீடுகளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும் ஆசை அத்துடன் நின்றுவிடுவதில்லை.

அடுத்து ஒலியின் வலிமை. தொழில்முறைக் கருவிகள் பிளஸ் 4 டி.பி.யூ, அதாவது சுமார் 1.23 வோல்ட் என்ற அளவில் ஒலியை அனுப்புகின்றன. வீட்டு உபயோகக் கருவிகள் பலவும் மைனஸ் 10 டி.பி.வி, அதாவது சுமார் 0.316 வோல்ட் அளவில் அனுப்புகின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபெல் வித்தியாசம் இருக்கிறது. சிறிய மிக்சர்களின் மோனோ சேனல்களில், உள்ளே வரும் ஒலியின் வலிமையைக் கூட்டும் கெயின் குமிழ் இருக்கும். ஸ்டீரியோ சேனல்கள் பலவற்றில் அது இருக்காது. எனவே ஒலி மெலிதாக வரும் கருவிகளை மோனோ சேனலுக்கு ஒதுக்குவது நல்லது. அல்லது ஸ்டீரியோ சேனலிலும் கெயின் உள்ள மிக்சரைத் தேடி வாங்க வேண்டும். பட்டியலில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, அன்றாட வேலையில் மிகவும் படுத்திவிடும்.

இதே இடத்தில் வேறொரு சிக்கலும் வரும். கோர்க் வோல்கா வகைக் கருவிகளில் ஒலி வெளியே வருவது 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் வழியாகத்தான். இரு முனையிலும் மூன்று தொடர்புகள் கொண்ட ஸ்டீரியோ கேபிளை எடுத்து, அதை மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் நேராகச் செருகினால், ஒலி கிட்டத்தட்ட முழுவதும் மறைந்துபோகும். பேலன்ஸ்டு உள்ளீடு தன் இரு தொடர்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடமும் வலமும் ஒரே ஒலியாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கருவியும் மிக்சரும் பழுதில்லாமல் இருக்கும்போதே இது நேர்வதால், பலர் மிக்சரைக் குறைசொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு ஸ்டீரியோ ஜாக்கை இரண்டு மோனோ ஜாக்குகளாகப் பிரிக்கும் கேபிள் இருந்தால் போதும்.

மின்னிசைக்கென்று மிக்சர் வாங்குகிறவர் அதிக நேரம் செலவிட்டுப் பார்க்க வேண்டியது ஆக்ஸ் சென்ட் வசதியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு சேனலிலிருந்தும் சிறிது ஒலியை எடுத்து டிலேக்கோ ரிவெர்புக்கோ (பெரிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும் கருவி) அனுப்பும் வழி அது. ஃபேடருக்குப் பின்னிருந்து எடுக்கும் சென்டுகள் குறைந்தது இரண்டு தேவை. ஃபேடருக்கு முன்னிருந்து மட்டும் எடுக்கும் சென்டில், ஃபேடரை இறக்கிய பின்னும் எதிரொலிக்குப் புது ஒலி போய்க்கொண்டே இருக்கும். அனுப்பிய ஒலி திரும்பி வருவதற்கென்று தனி ரிட்டர்ன் உள்ளீடு இருந்தாலும், அதை விட்டுவிட்டுச் சாதாரண ஸ்டீரியோ சேனலுக்கே கொண்டுவாருங்கள். அப்போது எதிரொலிக்கும் ஈக்வலைசர் (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) கிடைக்கும். அந்தச் சேனலின் சென்டைச் சற்றே திறந்தால், எதிரொலி தன்னைத் தானே ஊட்டி வளரவும் செய்யும். அது கட்டுமீறி வளரும் முன் இறக்குவதற்கு, ஒரு விரல் எப்போதும் ஃபேடரின் மேல் இருக்க வேண்டும். 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி, பதிவான பாடல்களின் பகுதிகளை மிக்சரில் அணைத்தும் திறந்தும் எதிரொலிக்கு அனுப்பியும் டப் என்ற இசைவகையையே வளர்த்தெடுத்தார். மிக்சரை ஓர் இசைக்கருவியாக வாசிக்கும் அந்த வழக்கம் இன்றைய மின்னிசை முழுவதிலும் தொடர்கிறது. மிக்சருக்குள்ளேயே வரும் எஃபெக்ட்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஈக்வலைசரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மோனோ சேனலில் நடு அதிர்வெண்களின் இடத்தை நகர்த்திக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது. கிக் வரும் சேனலில் 80 அல்லது 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்தி வைத்துவிடாதீர்கள்.

பதிவு செய்வதற்காக வாங்குகிறவர்கள் யூ.எஸ்.பி என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான மலிவு மிக்சர்கள், எல்லாம் கலந்த இரண்டு தடங்களை மட்டுமே கணினிக்கு அனுப்பும். கிக் அதிகமாகிவிட்டது என்று பிறகு தெரிந்தால் மீண்டும் வாசிப்பதைத் தவிர வழியில்லை. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே 14 தடங்களைக் கணினிக்குத் தனித்தனியே அனுப்பி 12 தடங்களைத் திரும்பப் பெறும். பெஹ்ரிங்கர் எக்ஸ்.ஆர்-18 இரு திசையிலும் 18 தடங்களைக் கையாளும். ஆனால் அதில் ஒலிகளைக் கலக்கக் குமிழோ ஃபேடரோ கிடையாது, டேப்லெட்டில்தான் எல்லாம். ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு தடங்களே போதும்: மேக்கி 1202 வி.எல்.இசட் மிக்சரில் மியூட் பொத்தானை அழுத்தினால் அந்தச் சேனல் மட்டும் தனி வெளியீட்டுக்குப் போகும், அங்கிருந்து சவுண்ட் கார்டுக்குக் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் கணினியிலேயே கலக்கப் போகிறவர், மிக்சர் வாங்காமல் எட்டு லைன் உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவிகளின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) வாங்குவதே சரி.

தமிழக, கேரள எல்லையின் இரு பக்கத்திலும் மைக் செட்காரர்களிடமிருந்தும் பாடகர் குழுக்களிடமிருந்தும் பழைய மிக்சர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றில் ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய மிக்சரை வீட்டு அறைக்கு வாங்க வேண்டாம். மின்விசிறியின் இரைச்சலோடு, அதன் ஸ்பீக்கர் வெளியீட்டைத் தெரியாமல் மானிட்டர் ஸ்பீக்கரின் லைன் உள்ளீட்டில் கொடுத்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போகும். மற்றவற்றைச் சோதிக்க ஒரு ஹெட்போனும், மாறாத ஒற்றை ஒலி ஒன்றைப் பதிவுசெய்த ஃபோனும், இணைப்புக் கேபிளும் கொண்டுசெல்லுங்கள். அந்த ஒலியை ஒவ்வொரு சேனலாகக் கொடுத்து, ஃபேடரை மெதுவாக அடி முதல் நுனி வரை நகர்த்துங்கள். கரகரப்பு மட்டும் கேட்டால் கான்டாக்ட் கிளீனரில் சரியாகலாம். ஒலி இடையில் அறுந்து மீண்டும் வந்தால் ஃபேடருக்குள் இருக்கும் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒலியை இடமும் வலமும் நகர்த்தும் பேன் குமிழை நடுவில் வைத்து இட, வல அளவுகள் மீட்டரில் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். செருகிய ஜாக்கை விரலால் லேசாக அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் அந்த மிக்சரை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கணினியை இணைத்ததும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் பதறத் தேவையில்லை. மடிக்கணினியின் சார்ஜரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், எர்த் இரண்டு வழிகளில் சுற்றி வருவதே காரணம். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இயக்குங்கள். அதன் பிறகும் இருந்தால் ஒலிப்பாதையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்சை (எர்த் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) இடுங்கள். எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து; யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசிப்பதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிற்கிறது; குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்பும் சேர்கிறது. குமிழ்களும் ஜாக்குகளும் முதலில் கெடுவது இதனால்தான். மிக்சரைச் சுவரை ஒட்டி வைக்காமல், பருத்தித் துணியால் மூடி, வாரம் ஒருமுறையாவது எல்லாக் குமிழ்களையும் முழுவதும் திருப்பிவிடுங்கள். இடி இறங்கும் மாலைகளில் சுவிட்சை அணைப்பது போதாது. மின் பிளக்கோடு கணினிக்குச் செல்லும் யூ.எஸ்.பி கேபிளையும், இணைய இணைப்பு கம்பி வழியாக வந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும்.