"காத்துத்தானே போகுது, அண்ணை!" – பழைய லொறிக்கு எயார் பைப் செய்பவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தான் செய்த வளைவுப் பைப் ஒன்றை உரப்பையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பழைய எல்ஃப் லொறி. எயார் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வரும் ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டது, புதிதுக்குக் கடையில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. சைலன்சர் பைப்பை வெட்டி ஒட்டி, வெள்ளிப் பெயின்ற் அடித்து, பார்க்க வடிவாகத்தான் செய்திருந்தான். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். ஒட்டின் உட்புறம் முழுக்கக் கடுகு கடுகாக வெல்டிங் மணிகள்.

"இதைத் தட்டி எடுக்கேல்லையோ தம்பி?"

"காத்துத்தானே போகுது, அண்ணை!"

இதே வசனத்தை ஒருகாலத்தில் நானும் சொன்னவன். அதனால் அவனைப் பேச மனம் வரவில்லை, எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன். அளவு தப்பி வெட்டுவது, வளைவைத் திசைமாறி ஒட்டுவது எல்லாம் இங்கே வராது. அவை பொருத்தும்போதே பல்லிளித்துவிடும், ஒரு துண்டு பைப்போடு நட்டம் முடிந்துவிடும். பொருத்தும்போது தெரியாமல் இருந்து பிறகு எஞ்சினைத் தின்னும் பிழைகள்தான் என் கவலை.

அகப்பட்ட பைப்பில் சமாளிப்பது

3.6 லீற்றர் டீசல் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 5000 லீற்றருக்குக் கிட்டக் காற்றை இழுக்கிறது. கோடையில் தீவுப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொள்ளளவு காற்று, ஒவ்வொரு நிமிடமும். மூன்று அங்குலப் பைப் இருந்த இடத்தில் இரண்டரை அங்குலத்தைப் போட்டால் அரை அங்குலம்தானே குறைந்தது என்று தோன்றும். வாயின் பரப்பைக் கணக்குப் பார்த்தால் 30 வீதம் போய்விட்டது. வெறும் வண்டியாக ஊருக்குள் ஓடும்போது இது தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலங்களின் ஏறுவாய்தான். முழுச் சுமையோடு வன்னிப் பக்கம் மிதித்து ஓடும்போது கறுப்புப் புகை வரும், எல்லாரும் டீசல் பம்ப்பைக் குறை சொல்வார்கள்.

ஃபில்டருக்குப் பின்னால் ஒரு மயிரிழை

இதைத்தான் நின்று சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாகியும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஃபில்டருக்கு முன்னால் உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால் மன்னிப்பு உண்டு. அந்த வழியாக வரும் தூசியை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வேளைக்கு அடைத்துப் போகும், அவ்வளவுதான். ஃபில்டருக்குப் பின்னால் வரும் பைப் எஞ்சினின் உள்வயிறு மாதிரி. எஞ்சின் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அதற்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, எந்தச் சிறிய இடுக்கும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர்ப் பைப் வெடித்தால் ஒழுகும், ஓயில் பைப் வெடித்தால் நிலத்தில் கறை விழும். இது எதையும் காட்டாது.

2010 ஆம் ஆண்டு. போர் முடிந்து எங்கு பார்த்தாலும் வீடு கட்டுகிற காலம். சொந்தக்காரர் ஒருவரின் எல்ஃப், வடமராட்சி கிழக்கிலிருந்து மணல் ஏற்றிக்கொண்டிருந்தது. ஹோஸ் வெடித்ததும் என்னிடம் வந்தார். நான் என்ன செய்தேன்? கிளீனரிலிருந்து எஞ்சின் வாய்வரை ஒரே இரும்புப் பைப், இரண்டு பக்கமும் தகட்டு வளையம் ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கினேன். "இனி ஆயுளுக்கும் கழற்றத் தேவையில்லை" என்று வேறு சொன்னேன்.

எயார் கிளீனர் சேசியில் இறுகி நிற்பது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடிக்கொண்டிருப்பது. இரண்டுக்கும் நடுவில் கம்பனிக்காரன் மடிப்பு மடிப்பாக ரப்பர் ஹோஸ் வைத்தது அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான். என் இரும்பு எப்படித் தாங்கும்? ஒட்டின் ஓரத்தில், அடிப்பக்கத்தில், தலைமயிர் அளவுக்கு வெடித்தது. மேலேயிருந்து பார்த்தால் பைப் புதுசு போலவே இருந்தது.

முதலில் ஓயில் குறையத் தொடங்கியது. சாரதி பேசாமல் ஊற்றி ஊற்றி ஓடினார். பிறகு விடிய ஸ்ரார்ட் எடுக்க மறுத்தது. ஓயில் மூடியைத் திறந்தால் அடுப்பூதியது போலப் புகை. நான் பற்றரியைக் குறை சொன்னேன், இன்ஜெக்ரரைக் குறை சொன்னேன், பம்ப்பைக் கழற்றி வேலைக்கு அனுப்பினேன். மூன்று கிழமை இப்படிப் போனது. என் பைப்பை மட்டும் நான் பார்க்கவில்லை, நான் செய்தது என்பதால்.

கடைசியில் அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டபோது, ஓயில் ஈரத்தில் குழைந்த தூசி, களிம்பு மாதிரி விரலில் வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன். நறநறவென்றது. ஹெட்டைத் தூக்கினோம். லைனரின், அதாவது பிஸ்ரன் ஏறி இறங்கும் உருளையின், மேல் விளிம்புக்குக் கீழே நகம் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. பிஸ்ரனின் மேல் ரிங் சவரத் தகடு போல மெலிந்திருந்தது. நாலு லைனர், நாலு பிஸ்ரன், ரிங் செற், பெயாரிங். ஒரு ஹோஸின் விலையை மிச்சம்பிடிக்கப் போன இடத்தில் அரை எஞ்சின் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சொந்தம் இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு வேகமாகத் தேய்ந்தது? வல்லிபுரம், அம்பன் பக்கத்து மணல் சிலிக்கா மணல். குவார்ட்ஸ் என்ற கனிமம், கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7, லைனரின் வார்ப்பிரும்பையே கீறும். அதிலும் கண்ணுக்குத் தெரியும் மணியைவிடத் தெரியாத தூள்தான் மோசம். ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் நிற்கும் ஓயில் படலம் மிக மெல்லியது. 5 முதல் 20 மைக்ரோன் வரையான துகள் அந்த இடைவெளியில் சரியாகப் போய் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அரைக்கும். தலைமயிரின் தடிப்பே 70 மைக்ரோன் அளவு. மயிரிழை வெடிப்பு என்று நாங்கள் சொல்வது அந்தத் தூளுக்கு அகலத் திறந்த படலை.

ஆகவே, இரும்பில் செய்வதென்றால் நடுப்பகுதியை மட்டும் இரும்பில் செய்யுங்கள். இரண்டு முனையிலும் தடித்த ரப்பர் ஹோஸ் துண்டு வரட்டும். பைப்பின் முனையைச் சுற்றி ஒரு சிறிய உதடு எழுப்பிவிட்டால் ஹோஸ் நழுவாது. வண்டியில் ஏற்றுமுன் ஒரு சோதனை. பழைய ரப்பர்ச் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி இரண்டு வாயையும் அடைத்து, ஒன்றில் சைக்கிள் ரியூப் வால்வைச் செருகுங்கள். பம்ப்பால் மெதுவாக நாலைந்து அடி அடித்து, ஒட்டு முழுவதும் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசினால் ஓட்டை இருந்த இடம் குமிழ்விடும். அரை மணித்தியால மினக்கேடு.

ஒரு கிழமை ஓடியபின் ஃபில்டருக்குப் பின்பக்க ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வலிகாமத்தில் ஓடும் வண்டி என்றால் வேலை இன்னும் சுகம், செம்மண் தானாகவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இதைச் சொன்னால் சில பெரியவர்கள், "தடைக்காலத்தில நாங்கள் எதைப் போட்டு ஓடினனாங்கள் எண்டு தெரியுமோ?" என்பார்கள். தெரியும். பொருளாதாரத் தடையால் எரிபொருள் தட்டுப்பட்ட 1990களில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகளிடம்தான் நானும் வேலை பழகினேன். அந்தக் கெட்டித்தனத்துக்கு இன்றைக்கும் தலைவணங்குவேன். ஆனால் அன்றைக்கு வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், எஞ்சின் எவ்வளவு தேய்ந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இன்றைக்கு அதே லொறி மாதா மாதம் லீசிங் கட்ட வேண்டும்.

உள்ளே எதையாவது விட்டுவிட்டு வருவது

கோப்பாய்த் தம்பியின் பிழை இது. வெல்டிங் மணி இன்றைக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆட்டத்தில் ஒருநாள் உதிரும், நேரே வால்வுக்குத்தான் போகும். அரத்தாலோ கிரைண்டராலோ எடுத்து, கயிற்றில் கட்டிய ஈரத்துணியைத் துணி சுத்தமாக வரும்வரை இழுக்க வேண்டும். பொப் ரிவெற் வேண்டவே வேண்டாம், அதன் ஆணித் தலை உட்பக்கம் தங்கி நிற்பது. சிலிக்கன் பசையை அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்குவது காய்ந்து புழு மாதிரித் தொங்கும், பிறகு அறுந்து உள்ளே போகும்.

பெயின்ற்

வெளியே அடியுங்கள். உள்ளே வேண்டாம், உரிந்து வரும்.

பீவீசி பைப்

வீட்டுத் தண்ணீருக்கு நல்லது. எஞ்சின் சூட்டில் இளகும்.

பட்டர்ஃபிளை உள்ள எஞ்சினில் கைவைப்பது

சில பழைய ஜப்பான் டீசல்களில் எஞ்சின் வாயில் பட்டர்ஃபிளை என்ற, திறந்து மூடும் வட்டத் தகடு ஒன்றும், அங்கிருந்து டீசல் பம்ப்புக்குப் போகும் மெல்லிய ஹோஸும் இருக்கும். அது சும்மா அலங்காரத்துக்கு வைத்ததென்று நினைத்துக் கழற்றி எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப்பின் கவர்னர், அந்த ஹோஸ் வழியாக வரும் உறிஞ்சலை வைத்துத்தான் டீசலைக் குறைக்கிறது. உறிஞ்சல் இல்லாமல் போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் டீசலை முழுதாகத் திறந்துவிடும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றும். அந்தத் துண்டைப் பட்டறையில் செய்யாதீர்கள். பழைய இரும்புக் கடைகளில் நாள்கணக்கில் தேடினாலும் அசலையே தேடி எடுங்கள். மெல்லிய ஹோஸ் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். முதல் ஸ்ரார்ட்டின்போது எஞ்சின் வாயை மூடக்கூடிய பலகைத் துண்டு ஒன்று கையோடு இருக்கட்டும். உள்ளங்கையால் அடைக்கப் போக வேண்டாம்.

கிளிப்

ஹோஸை இறுக்கும் கிளிப்பை மறுநாள் இன்னொரு தரம் முறுக்குங்கள். சூட்டில் ரப்பர் அமுங்கியிருக்கும்.