பறக்காத போர் விமானங்களின் மாடல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் வரைபடமாகவோ பட்டறையில் அரைகுறையாகவோ நின்றுபோன விமானங்களை மாடலாகச் செய்பவர்கள் பலரிடம், பறக்காத விமானத்தை எப்படிச் செய்தாலும் தவறு சொல்ல ஆளில்லை என்ற எண்ணம் இருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

விமானத்தை எந்த நிலையில் காட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் மாடல் பாகங்கள் அடங்கிய கிட்டைப் பிரித்து ஒட்டத் தொடங்குவதுதான் முதல் தவறு. மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 என்ற ஜெர்மன் ஜெட் விமானம், 1945 ஏப்ரல் இறுதியில் பவேரியாவின் ஓபராமர்காவில் அமெரிக்கப் படையினரிடம் சிக்கியபோது ஏறக்குறைய 80 விழுக்காடு முடிந்திருந்தது. ஆகவே அதற்குப் புகைப்படங்களே சான்று. ஃபோக்கே-வுல்ஃப் டிஏ 183 கட்டப்படவே இல்லை என்பதால், அதற்கு வரைபடங்களையும் அக்காலத் தொழிற்சாலை வழக்கங்களையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கைப்பற்றப்பட்ட நிலையையும், போர் 1946 வரை நீடித்திருந்தால் என்ற கற்பனையையும் ஒரே மாடலில் கலந்தால் இரண்டுமே நம்பும்படி இராது. பி.1101இன் இறக்கைப் பின்சாய்வை, அதாவது இறக்கை பின்னோக்கிச் சாயும் கோணத்தை, தரையில் நிறுத்தி மட்டுமே மாற்ற முடிந்தது. பறக்கும்போதே மாற்றும் வசதி, அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் உருவான பெல் எக்ஸ்-5இல்தான் வந்தது. எக்ஸ்-5இன் படங்களைப் பார்த்து அதன் இறக்கை அடிப்பகுதி அமைப்பை பி.1101இல் சேர்ப்பது எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை.

மேற்பரப்பில் நேரும் பிழைகளே என்னை மிகவும் வருத்துபவை. ஹோர்ட்டன் ஹோ 229 வி3 என்ற ஜெர்மன் ஜெட், நடுப்பகுதியில் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மீதும் இறக்கைகளில் மரச் சட்டத்தின் மீதும் ஒட்டுப்பலகை போர்த்திய விமானம். அதன் உடலெங்கும் ரிவெட் (உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளைப் பதிப்பதும், பெயின்ட் உதிர்ந்த இடம் என்று வெள்ளி நிறத்தைத் தொட்டு வைப்பதும், அதை உருவாக்கியவர்கள் எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதையே மறைத்துவிடும். பெயின்ட் தேய்ந்த இடத்தில் தெரிய வேண்டியது மரம்தான். உலோகத்தை எஞ்சின் பகுதியிலும், வெப்பம் படும் தகடுகளிலும், சக்கரக் கால்களிலும் காட்டினால் போதும். கிட்டில் ஆழமாகச் செதுக்கப்பட்ட பேனல் கோடுகளை (தகடுகளின் இணைப்புக் கோடுகளை) புட்டியால் நிரப்பி, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, திறந்து மூடும் கதவுகளின் ஓரங்களை மட்டும் விட்டுவைத்தால் மரப்பரப்பின் வழவழப்பு தானாக வந்துவிடும். ஒருமுறைகூட எஞ்சினை இயக்காத விமானத்தின் புகைக்குழாயின் பின்னால் கரியைப் பூசுவதும் பொருந்தாது. பட்டறைத் தூசி, புட்டித் தடம், பிரைமர் மட்டும் கண்ட பாகங்கள் ஆகியவையே அதன் உண்மையான அடையாளங்கள்.

மூன்று சக்கர ஜெட் மாடல்கள் பல, வால்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே சக்கரங்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, மூக்கில் எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்துவிட வேண்டும். எடைக்கு ஈயம் வைப்பவர்கள் அதை வெள்ளைப் பசையால் ஒட்டக் கூடாது. அந்தப் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை மெல்ல வெள்ளைப் பொடியாக்கும். பொடி உப்பிப் பெருகி, சில ஆண்டுகளில் மாடலின் மூக்கையே பிளந்துவிடக்கூடும். எப்பாக்சியால் ஒட்டினால் இந்தக் கவலை இல்லை. சிறு கிட்களில் எடை வைக்க இடமே இருக்காது என்பதால், காக்பிட்டின் அடியையும் முன்சக்கரக் குழியின் பக்கங்களையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

இத்தகைய விமானங்களுக்கு ரெசின் கிட்கள் பல உண்டு. அவற்றில் பொருத்துமுளைகள் பெரும்பாலும் இருக்காது. இறக்கையைக் கண்ணளவில் ஒட்டினால் இரு பக்கச் சாய்வும் ஒத்துவராது. ஆகவே அட்டையில் கோணத்தை வெட்டித் தாங்கியாக வைத்து, பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ரெசினை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, நீர் விட்டே தேய்க்க வேண்டும்.

கடைசியாக டீகால்கள், அதாவது மாடலின் மீது ஒட்டும் சின்னப் படங்கள். பட்டறையிலேயே கைப்பற்றப்பட்ட விமானத்தில் படைப்பிரிவுச் சின்னத்தையும் வீழ்த்திய எதிரி விமானங்களின் கணக்கையும் ஒட்டுவதில் பொருள் இல்லை. கற்பனைத் தோற்றம்தான் நோக்கம் என்றால், மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானங்களை உண்மையிலேயே இயக்கிய ஜேஜி 7 போன்ற ஜெர்மன் போர் விமானப் பிரிவின் அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளலாம்.