மேலே எட்டுப் பனல், கீழே இருட்டு: சோலர் போடப் போகிறவர்களுக்கு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் மின்நிலையத்துக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லாதபோது மின்நிலையம் பக்கத்தில் இருந்து என்ன பயன்? ஆனாலும் நான் பயப்படவில்லை. முந்தின வருடம்தான் கூரையில் 3 கிலோவாற் சோலர் போட்டிருந்தேன். நடு மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஒரு ஃபானும் சுற்றவில்லை. மதிலுக்கு அங்கால் இருந்து பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "என்ன தம்பி, உங்கட பனலில மிளகாய் காயப்போடலாமோ?"

போட்டுத் தந்தவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேர்ட்டர். மின்சார சபை லைனோடு இணைக்கிற சாதாரண ஒன்கிரிட் இன்வேர்ட்டர், லைனில் கரண்ட் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அது பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி லைன் திருத்துகிறவருக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடிக்கக் கூடாது அல்லவா? நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்டிங், நெற் பிளஸ் என்று, கூரைக் கரண்டைச் சபை லைனுக்குக் கொடுக்கிற எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் இதே கதைதான். ஆகவே முதலில் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவெடுங்கள். பில் குறைந்தால் போதும் என்றால் பற்றரியில் காசைக் கொட்டாதீர்கள். வெட்டு நேரத்திலும் வெளிச்சம் வேண்டும் என்றால், லைன் நின்றாலும் பற்றரியில் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரும் பற்றரியும் வேண்டும். என்னைப் போல ஒன்கிரிட்டில் இருந்து ஹைபிரிட்டுக்கு மாறுகிறவர்கள் மின்சார சபையில் கேட்டுவிட்டே இன்வேர்ட்டரை மாற்றுங்கள்.

கடைக்குப் போக முதல் ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். வெட்டு நேரத்தில் எது எது ஓட வேண்டும் என்ற எங்கள் கணக்கு இது: ஃபான் மூன்று, ஒவ்வொன்றும் 70 வாற். எல்ஈடி பல்ப் ஆறு, ஒவ்வொன்றும் 9 வாற். ரவுட்டர் 10 வாற். இரவில் ஆறு மணித்தியாலம் ஓடினால் 1.6 யூனிற் வரும். பிறிட்ஜுக்கு அரை யூனிற் சேர்த்தால் இரண்டு யூனிற்றுக்குக் கொஞ்சம் மேல். 51.2 வோல்ற், 100 ஆம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்றில் 5 யூனிற் இருக்கும். அதில் 4 யூனிற்றைத்தான் எடுப்போம் என்று வைத்தாலும் ஒன்று தாராளம். விற்க வந்த பெடியன் இரண்டு வேண்டும் என்று நின்றான். கொப்பியைக் காட்டினேன், பேசாமல் விட்டான்.

கிணற்று மோட்டரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது 1000 வாற் அளவு என்றாலும், ஸ்ரார்ட் எடுக்கும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். எங்கள் இன்வேர்ட்டரை முதல் நாளே விழுத்தியது. கரண்ட் இருக்கும் நேரத்தில் தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவிட்டால் பிரச்சினை முடிந்தது. அயன்பெட்டி, ரைஸ் குக்கர், கிரைண்டர் எல்லாமும் சபை லைனில் ஓடுகிற பழைய போர்டிலேயே இருக்கட்டும்.

வேலை நாறுவது வயரிங்கில்தான். வெட்டு நேரத்தில் ஓட வேண்டிய ஃபான், லைற், பிறிட்ஜ் லைன்களை மட்டும் பிரித்து, இன்வேர்ட்டரின் பக்அப் பக்கத்தில், அதாவது லைன் நின்றாலும் கரண்ட் தருகிற பக்கத்தில், தனிச் சின்னப் போர்டாகக் கட்ட வேண்டும். பழைய வீடுகளில் நியூட்ரல் எல்லாம் ஒன்றாக முறுக்கிக் கிடக்கும். லைவ் வயரை மட்டும் பிரித்து நியூட்ரலை விட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போனது. எலக்ட்ரீசியனிடம் நியூட்ரலைப் பற்றி நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

கூரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பனல் தெற்குப் பார்த்து, பத்துப் பாகை சரிவில் இருந்தால் நல்லது. அப்புறம் நிழல். எங்கள் தென்னோலை ஒன்று காலையில் ஒரு பனலின் மூலையைத்தான் மறைத்தது, ஆனால் குறைந்த கரண்ட் அந்த மூலையின் அளவைவிட எவ்வளவோ அதிகம். ஓலையை வெட்டினோம். அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை என்றால் பலகை போடாமல் யாரையும் ஏற விடாதீர்கள். கடற்கரைப் பக்கம் என்றால் சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுதான். நல்ல வெயிலில் ஒரு கிலோவாற்றுக்கு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிற் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது மளமளவென்று இறங்கும். அந்த இரண்டு மாதத்தை நினைத்து இன்னும் நாலு பனல் வாங்குவது வீண் செலவு. எர்த்தும், இடி மின்னலில் லைனில் எகிறுகிற கரண்டைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டரும் மட்டும் காசை மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை. பனல் பக்கம் ஒன்று, வீட்டுப் பக்கம் ஒன்று என்று இரண்டு புரொடெக்டர் போடுங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஃபான் நிற்கவே இல்லை. மாமி போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் விசயமே தெரியும். மிளகாயைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

கடைசித் தவணைக் காசு கொடுக்க முதல், வேலை செய்தவர் முன்னாலேயே மெயின் சுவிட்சை இறக்குங்கள். மத்தியானம் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. மூன்று ஃபானும் ஓடட்டும், பிறிட்ஜ் ஒருதரம் நின்று திரும்பக் கிளம்பட்டும். அதற்குப் பிறகு பேர்சைத் திறக்கலாம்.