மாநிலம் தாண்டித் தத்தெடுக்கிறீர்களா? வக்கீல் வைப்பது முதல் வீடு வந்து சேர்வது வரை

நாங்கள் இருப்பது டெக்சாஸில். எங்கள் மகள் பிறந்தது ஒஹாயோவில். அவளைப் பெற்ற தாயே எங்களைத் தேர்ந்தெடுத்தார், நடுவில் ஏஜென்சி இல்லை. ஹோம் ஸ்டடி (தத்தெடுப்பவர் வீட்டைச் சமூகப் பணியாளர் பார்த்து எழுதும் அறிக்கை) உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, நேராக வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: இரண்டு மாநிலம், இரண்டு வக்கீல்

முதலில் டெக்சாஸ் வக்கீல் ஒருவரே போதும் என்று நினைத்தோம். போதாது. பெற்றவரின் சம்மதம், தந்தையின் உரிமை எல்லாம் பெரும்பாலும் குழந்தை பிறக்கும் மாநிலத்தின் சட்டப்படி நடக்கும். அங்கே உரிமம் உள்ளவர் வேண்டும். பெற்ற தாய்க்குத் தனி வக்கீல் இருக்கட்டும். இரு பக்கத்துக்கும் தானே ஆஜராவதாகச் சொன்ன ஒருவரை வேண்டாம் என்றோம். அந்தத் தாய் பிள்ளையைக் கொடுக்கப்போகிறார். அவருக்காக மட்டும் பேச ஓர் ஆள் வேண்டாமா?

படி 2: போனில் கேட்க வேண்டியவை

தத்தெடுப்பு வழக்குகளையே முக்கியமாக நடத்துபவரைப் பிடியுங்கள். 'அகாடமி ஆஃப் அடாப்ஷன் அண்ட் அசிஸ்டட் ரிப்ரொடக்‌ஷன் அட்டர்னிஸ்' தளத்தில் மாநிலவாரியாகத் தேடலாம். போன வருடம் எத்தனை ஐசிபிசி (குழந்தையை மாநிலம் தாண்டிக் கொண்டுபோக வாங்கும் அனுமதி; படி 4இல் விளக்கம்) கோப்பு அனுப்பினீர்கள், அதற்கான 100ஏ படிவத்தை யார் நிரப்புவார்கள், நாங்கள் கட்டும் பணம் டிரஸ்ட் கணக்கில் (வக்கீலின் சொந்தப் பணத்தோடு கலக்காத தனிக் கணக்கு) இருக்குமா என்று கேளுங்கள். ஐசிபிசி வேலைக்கு மொத்தக் கட்டணம் பேசுவதுதான் எனக்குப் பிடித்தது. மணிக்கணக்கு என்றால் சந்தேகம் கேட்கப் போன் எடுக்கவே கை தயங்கும்.

படி 3: சம்மதம்

ஒஹாயோவில் பிறந்து 72 மணி நேரம் கழித்துத்தான் தாய் கையெழுத்திட முடியும். கான்சஸில் 12 மணி நேரம். குழந்தைக்கு அமெரிக்கப் பூர்வகுடி வம்சத் தொடர்பு இருந்தால், பூர்வகுடிக் குழந்தைகளுக்கான 1978ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வரலாம். அதன்படி, பிறந்து 10 நாளுக்குள் கொடுத்த சம்மதம் செல்லாது. இதை முதல் நாளே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். ஒஹாயோவில் தன்னைத் தந்தை என்று கருதுபவர், குழந்தை பிறந்த 15 நாள் வரை அதற்கென்றே உள்ள மாநிலப் பதிவேட்டில் தன் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே தாயின் கையெழுத்தோடு எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

படி 4: ஐசிபிசி

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். குழந்தையை மாநிலம் தாண்டி அனுப்புவதற்கான மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் இது; 50 மாநிலங்களும் இதில் உண்டு. கோப்பை முதலில் ஒஹாயோவின் ஐசிபிசி அலுவலகம் பார்க்கும், பிறகு டெக்சாஸ் அலுவலகம். இரண்டும் சரி சொல்லும்வரை குழந்தையோடு ஒஹாயோ எல்லையைத் தாண்டக் கூடாது. ஏழு முதல் பத்து வேலை நாள் ஆகும் என்று வக்கீல் சொன்னார். எங்களுக்குப் பதினாறு நாள் ஆனது.

காரணம், என் மாமியார். ஹோம் ஸ்டடி எழுதிய பிறகு மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். விருந்தாளிதானே என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று கோப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அத்தையைக் கைரேகை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்கள், ரேகை பதியவில்லை. லோஷன் தடவி, துடைத்து, மறுபடி வைத்து, மூன்றாம் முறைதான் பதிந்தது. நான் ஒஹாயோவில், கொலம்பஸ் நகர ஹோட்டலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால், அன்றைக்கே சமூகப் பணியாளரிடம் சொல்லி ஹோம் ஸ்டடியில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், திரும்பும் விமான டிக்கெட்டை முன்னாலேயே போடாதீர்கள். சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள்.

பிற்சேர்க்கை

'அக்காவே தன் குழந்தையை எங்களிடம் தருகிறார், எங்களுக்கும் ஐசிபிசி உண்டா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பெற்றவரே குழந்தையின் தாத்தா பாட்டி, சித்தி, மாமா போன்ற நெருங்கிய உறவினரிடம் விட்டால் ஒப்பந்தத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அதையும் வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் காப்பீட்டைத் தவறவிட்டு அவதிப்பட்டிருக்கிறார். அலுவலகக் காப்பீடு என்றால், குழந்தை உங்களிடம் வந்த 30 நாளுக்குள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தத்தெடுப்புத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வக்கீல் ரசீது, ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வருமான வரியின் 8839 படிவத்தில் தத்தெடுப்புக்கான வரிச்சலுகை கேட்க அவை தேவைப்படும். 2025க்கு உச்சவரம்பு 17,280 டாலர்.