குளிரில் வில் வேட்டை: இழுவை எடையைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைப் பயிற்சியில் 70 பவுண்டு இழுவை எடை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) கொண்ட காம்பவுண்ட் வில்லை, அதாவது முனைகளில் கப்பி வைத்த நவீன வில்லை, அநாயாசமாக இழுத்தவர், உறைபனியில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்த பிறகு அதே வில்லோடு மல்லுக்கட்டுவார். தசை விறைத்திருக்கும், உடலில் தடித்த உடை வேறு. "80 சதவீதம் லெட்-ஆஃப் இருக்கிறதே" என்பதுதான் பலர் சொல்லும் சமாதானம். லெட்-ஆஃப் என்பது முழு இழுப்பில் கப்பிகள் குறைத்துத் தரும் எடை. முழுதாக இழுத்த பிறகு கையில் நிற்பது 14 பவுண்டுதான், உண்மை. ஆனால் அங்கே போய்ச் சேர 70-ஐத் தாண்டியாக வேண்டுமே!

எவ்வளவு குறைப்பது என்பதை உடம்பிடம்தான் கேட்க வேண்டும். வேட்டைக்குப் போடும் அத்தனை உடையையும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இலக்கு மெத்தைக்கு நேரே அம்பு பூட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் இழுக்க முடியவில்லையா? எடை அதிகம். அந்தத் தூக்கலைப் பார்த்தாலே மான் ஓடிவிடும். வெறும் வில்லை இழுத்துச் சோதிக்காதீர்கள். நாண் கைநழுவினால் லிம்ப் (வில்லின் வளையும் கை) உடையலாம்.

குறைக்கும் வேலையில் நடக்கும் பெரிய தவறு, லிம்ப்களைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேல் போல்ட்டை ஒரு கணக்கிலும் கீழ் போல்ட்டை இன்னொரு கணக்கிலும் திருகுவது. முதலில், போல்ட்டை நகராமல் பிடிக்கும் லாக் ஸ்குரூ இருந்தால் தளர்த்துங்கள். இரண்டு லிம்ப் போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிட்டு, அங்கிருந்து எண்ணிச் சம அளவில் தளர்த்துங்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பொதுவாக 2 முதல் 3 பவுண்டு குறையும். மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் வில் தராசில் அளப்பதே மேல். கையேட்டில் சொன்ன சுற்று எண்ணிக்கையை ஒருபோதும் தாண்டாதீர்கள். இழுவிசை ஏறிய லிம்ப் போல்ட்டிலிருந்து கழன்றால் முகத்தில்தான் அடிக்கும்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆகப் பெரிய அலட்சியமாகப் படுகிறது. எடை குறைந்தால் அம்பின் வேகம் குறையும். 20 கெஜத்தில் தெரியாத இறக்கம் 40 கெஜத்தில் நன்றாகவே தெரியும். சைட் பின்களை (குறிபார்க்கும் ஊசிகளை) மறுபடி அமைக்க வேண்டும். முன்பு பொருத்தமாக இருந்த அம்பு இப்போது வில்லுக்கு விறைப்பாகிவிடும், எய்யும்போது போதிய அளவு வளையாது. பயிற்சி முனையில் இது மறைந்திருக்கும், பிராட்ஹெட் (வேட்டைக்கான கத்தி முனை) மாட்டினால் அம்பு விலகிப்போவது அம்பலமாகும். ஆகவே வேட்டைக்கு எடுத்துப்போகும் முனையை வைத்தே எய்து பாருங்கள். இதையெல்லாம் செய்ய அவகாசம் வேண்டுமென்றால், சீசன் தொடங்கப் பல வாரங்கள் இருக்கும்போதே எடையைக் குறைத்துவிட வேண்டும்.

அதிகமாகக் குறைப்பதும் தவறுதான். வில் வேட்டையை அனுமதிக்கும் பல இடங்களில் குறைந்தபட்ச இழுவை எடை சட்டமாகவே இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திருகுங்கள். எடை குறைந்த வில்லுக்குக் கூரிய முனை, சற்றே கனமான அம்பு, கிட்டத்துத் தூரம்.

தடித்த சட்டைக்கையில் நாண் உரசினால் அம்பு திசை மாறும். முன்கைக் கவசத்தால் துணியை அழுத்திக் கட்டுங்கள். நாணைப் பிடித்து விடும் கருவியான ரிலீஸின் டிரிகர் கையுறையோடு பிடிபடுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். குளிர்ந்த வில்லை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால் ஈரம் படியும். துடைத்துக் காயவைக்காமல் திரும்ப வெளியே எடுத்துப்போனால் அந்த ஈரம் உறைந்துவிடும்.

மர வில்லில் திருக போல்ட் கிடையாது. எடை குறைந்த இன்னொரு வில்தான் வழி. அதையும் குளிரில் எடுத்தவுடன் முழுதாக இழுக்காதீர்கள். சிறு இழுப்புகளாகச் சில தடவை இழுத்து வளையவிட்டுப் பிறகு முழு நீளத்துக்குப் போங்கள்.