காவல் நிலையமும் பகுதி மக்களும்: நம்பிக்கையை எங்கிருந்து தொடங்குவது

மக்களோடு உறவை வளர்க்க வேண்டும் என்று முடிவானதும் நிலையங்கள் முதலில் நினைப்பது விளையாட்டுப் போட்டியும் விழிப்புணர்வுப் பேரணியும்தான். அவை பிறகு வரட்டும். சாலையில் வண்டியை நிறுத்தும் 2 நிமிடத்திலும், புகார் மேசை முன் காத்திருக்கும் நேரத்திலும்தான் ஒருவர் போலீஸைப் பற்றி முடிவுக்கு வருகிறார். பல நகரங்களின் கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒரு கெட்ட அனுபவத்தின் தாக்கம் நல்ல அனுபவத்தைவிட 4 முதல் 14 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே புதிதாக எதையும் சேர்க்கும் முன் கெட்ட அனுபவங்களைக் குறையுங்கள்.

வாகனச் சோதனையில் வரிசை முக்கியம். முதலில் வணக்கம், காவலரின் பெயர், நிலையம். அடுத்து, ஆவணத்தைக் கேட்பதற்கு முன்பே, நிறுத்திய காரணம். ‘வழக்கமான சோதனை’ என்பது காரணம் ஆகாது. ‘இந்தச் சாலையில் இரவில் பைக் திருட்டு நடக்கிறது, 10 மணிக்கு மேல் வரும் எல்லா பைக்கையும் பார்க்கிறோம்’ என்பது காரணம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். காரணம் பிந்தினால், தன் தோற்றத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பிறகு அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். என்ன நடவடிக்கை, ஏன், ஒப்பாவிட்டால் எங்கே முறையிடலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மது அருந்தி ஓட்டுவோரைப் பிடிக்கும் 60 சோதனைகளில் 30இல் இப்படி எழுதிக்கொடுத்த உரையைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு நிமிடம்போலத்தான் கூடுதலாகப் பிடித்தது. தங்களை நியாயமாக நடத்தியதாக ஓட்டுநர்கள் அதிகம் பேர் சொன்னார்கள். இதையே ஸ்காட்லாந்தில் செய்தபோது மக்களின் திருப்தி குறைந்தது. ஏன் என்று தேடியபோது, காரணம் விளக்கப்படாமல் மேலிருந்து திணிக்கப்பட்ட வேலையாகக் காவலர்கள் அதை உணர்ந்தது தெரியவந்தது. தன் அதிகாரியிடம் மரியாதை கிடைக்காத காவலரால் சாலையில் மரியாதை காட்ட முடியாது. எனவே உரையைக் காவலர்களே உட்கார்ந்து எழுதட்டும். பணிநேரமும் விடுப்பும் பாரபட்சமின்றிக் கிடைக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே சரிபாருங்கள்.

புகார் கொடுத்தவரிடம் எண், விசாரிப்பவர் பெயர், தொலைபேசி எண் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். 7 நாளுக்குள், முன்னேற்றம் இல்லை என்றாலும், அழையுங்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லையே என்று காத்திருப்பதுதான் வழக்கமான பிழை. அந்த மௌனத்தை மக்கள் அலட்சியம் என்றே படிப்பார்கள். பதிவேட்டில் ‘கடைசியாகத் தகவல் சொன்ன தேதி’ என ஒரு கட்டம் போட்டு, தினமும் 15 நிமிடம் அதற்கென ஒதுக்கினால் போதும்.

பகுதிக் கூட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், நிலையத்துக்கு வெளியே நடத்துங்கள். ஒரு மணி நேரம் போதும். முதல் 10 நிமிடம் போன மாதம் சொன்னவை என்ன ஆயின என்ற கணக்கு. பிறகு இரண்டு அல்லது மூன்று பிரச்சினை மட்டும். ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளர்களும் கடைக்காரர்களும் தாமாக வருவார்கள். இளைஞர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூர்த் தொழிலாளர்கள் வரமாட்டார்கள். அவர்களை 6 முதல் 8 பேராக, அவர்கள் நம்பும் ஒருவர் மூலம் தனியே சந்தியுங்கள். எந்தக் கூட்டத்திலும் குற்றவாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். வருகிறவர்களுக்கு ‘போலீஸ் ஆள்’ என்ற பட்டம் விழுந்தால் அடுத்த மாதம் நாற்காலிகள் காலியாக இருக்கும்.

நடை ரோந்து நல்லது, ஆனால் குற்றம் குறையும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1978-79இல் அமெரிக்காவின் நியூவார்க்கில் செய்த சோதனையில் குற்ற எண்ணிக்கை மாறவில்லை. மக்களின் பயம் குறைந்தது, போலீஸ் மீதான மதிப்பு உயர்ந்தது. ஒரே காவலர் ஒரே பகுதியில் நீண்ட காலம் இருந்தால்தான் பலன். மாற்றலானால், புதியவரை ஒரு வாரம் கூடவே நடத்திச் சென்று அறிமுகப்படுத்துங்கள்.

காவலர் கையால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் பல வருட உழைப்பு ஒரு நாளில் கரையும். 24 மணி நேரத்துக்குள் பேசுங்கள்: தெரிந்தது எது, தெரியாதது எது, விசாரிப்பது யார், அடுத்த தகவல் எப்போது. விசாரணை அந்த நிலையத்தின் கையில் இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் பழைய வழக்குகளை அப்போது வெளியே விடவே கூடாது. அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. ஊரும் அதை அப்படித்தான் நினைவில் வைக்கும்.

மாதந்தோறும், போலீஸோடு தொடர்புக்கு வந்த 30 பேரிடம், போலீஸ் அல்லாத ஒருவரை விட்டு நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: காரணம் சொன்னார்களா, நீங்கள் சொன்னதைக் கேட்டார்களா, மரியாதையாக நடந்தார்களா, தேவைப்பட்டால் மறுபடி வருவீர்களா. பதில்களைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள், சராசரி பலரை மறைத்துவிடும். முதல் சில மாதங்களில் புகார் எண்ணிக்கை ஏறலாம். இதுவரை வாசற்படி ஏறாதவர்கள் வரத் தொடங்கியிருக்கலாம். அந்த எண்ணைக் காட்டிக் காவலர்களைக் கண்டிக்காதீர்கள்.