சென்னை ஃப்ரிட்ஜில் முளைக்கும் இமயமலை மேப்பிள்

ஏசர் சீசியம் மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் வளரும் மேப்பிள் மரம். ஐந்து மடல் இலையின் அடிப்பக்கம் நீலச்சாம்பல் நிறம். 'சீசியம்' என்ற பெயரும் அந்த நிறத்தைக் குறிப்பதுதான். சென்னையில் இதை மரமாக்க முடியாது. குளிர்காலம் இல்லாமல் மொட்டு ஒழுங்காக விழிக்காது, மே மாத இரவு வெப்பமும் தாங்காது. விதையை இங்கே முளைக்கவைத்து, கோடைக்கு முன் மலைக்கு அனுப்புவதே வழி.

விதை அக்டோபர் வாக்கில் முற்றும். காப்புக்காட்டில் பொறுக்க வனத்துறை அனுமதி தேவை. கைக்கு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். இதே பிரிவைச் சேர்ந்த ஐரோப்பிய சிகமோர் மேப்பிளின் விதை காய்ந்தால் செத்துவிடும். ஆகவே இதையும் காயவிடாமல் இருப்பதே பாதுகாப்பு. முதலில் பத்து விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இந்த இனத்தில் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு விதை நிறைய. ஏழெட்டு பொக்கானால், தேவைக்கு நான்கைந்து மடங்கு விதை போடுங்கள்.

விதையோடு ஒட்டியிருக்கும் இறக்கையைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் நீரில் ஊறவையுங்கள். அடுத்து, மலைக் குளிர்காலத்துக்குப் பதிலாக ஃப்ரிட்ஜ். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும், மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ மூன்று முறை அலசி, பிழிந்தால் சொட்டாத ஈரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பங்கு விதை, மூன்று பங்கு நார். ஜிப் பையில் கொஞ்சம் காற்றோடு மூடி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் 3 முதல் 5 டிகிரியில் வையுங்கள். காய்கறி டிராயர் பெரும்பாலும் அதைவிடச் சூடு, ஃப்ரீசர் கூடவே கூடாது. சிறு தெர்மாமீட்டர் ஒன்று வைத்துவிட்டால் சந்தேகமில்லை. இரண்டு வாரத்துக்கொருமுறை திறந்து, பூஞ்சை பிடித்ததை எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் பொறுங்கள். சில அதற்கும் மேல் எடுக்கும்.

பைக்குள் விதை முளைத்து வேர் ஒரு சென்டிமீட்டர் நீண்டதும், முனை ஒடியாமல், 15 செ.மீ. ஆழத் தொட்டியில் வேர் கீழ்நோக்க ஊன்றுங்கள். தொட்டிக் கலவை: அலசிய நார் இரண்டு பங்கு, பெர்லைட் (நீர் தேங்காமல் இருக்கக் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) ஒன்று, இலைமட்கு ஒன்று. ஏ.சி. அறையில் காலை வெயில் விழும் ஜன்னலோரம் போதும். இலை ஓரம் கருகினால் போர் தண்ணீரின் உப்பைச் சந்தேகியுங்கள், ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். தண்டு மண்மட்டத்தில் கருத்துச் சாய்ந்தால் நாற்றழுகல்: சூடும் விடாத ஈரமும் சேர்ந்ததன் விளைவு. மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

மார்ச் நடுவுக்குள் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ இரவுப் பேருந்தில் போய்விட வேண்டும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் இதற்குப் போதாது. அங்கே இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்கி, ஜூன் மழையில் நடலாம். குளிரில் இலை முழுதும் உதிரும். பட்டுப்போனதென்று பிடுங்கிவிட வேண்டாமென அங்கே பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவையுங்கள். குச்சியை நகத்தால் கீறினால் பச்சை தெரியும்.